அடப்பங்கொடியைத் தேடி: காசிமேட்டிலிருந்து முகத்துவாரம் வரை ஐந்து நாள்

முதல் நாள், சனிக்கிழமை

போரூரிலிருந்து திருவொற்றியூருக்குப் போவதைப் பயணம் என்று சொன்னால் சிரிப்பார்கள். "பெரியம்மா வீட்டுக்குப் போறேன்னு சொல்லு, அது போதும்" என்று என் வீட்டுக்காரரே சொல்லிவிட்டார். இருந்தாலும் ஐந்து நாளைக்கு மாற்றுத்துணி, தொப்பி, நோட்டு, பையனின் பூதக்கண்ணாடி என்று பையைக் கட்டிய பிறகு அதற்கு வேறு என்ன பெயர் வைப்பது?

தேடிப் போவது ஒரு கொடியை. அடப்பங்கொடி. பழைய தமிழில் அடும்பு. கடற்கரை மணலில் படர்ந்து கிடக்கும். காலையில் ஊதா கலந்த ரோஸ் நிறத்தில் புனல் மாதிரி பூக்கும். நான் பிறந்து வளர்ந்தது தண்டையார்பேட்டை. ஞாயிற்றுக்கிழமைகளில் நைனா சைக்கிளில் வைத்துத் திருவொற்றியூர்க் கரைக்குக் கூட்டிப் போவார். அங்கே இந்தக் கொடியை நீளமாக அறுத்து ஸ்கிப்பிங் ஆடினேன் என்பது எனக்கு நல்ல நினைவு. என் தங்கையோ, "அங்க ஏதுக்கா மணலு? வெறும் கல்லுதான் இருந்துச்சு" என்று அடித்துச் சொல்கிறாள். போன பொங்கலுக்கு இதை வைத்து எங்களுக்குள் சண்டையே வந்துவிட்டது. சரி, காசிமேட்டில் தொடங்கி வடக்கே எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் பார்த்துவிடுவோம் என்று கிளம்பிவிட்டேன். நேர்க்கோட்டில் பார்த்தால் ஏறக்குறைய 12 கிலோமீட்டர்தான்.

காசிமேட்டுக்கு விடியுமுன் போக வேண்டும் என்பது ஊருக்கே தெரியும். நான் போய்ச் சேர்ந்தது பத்தரைக்கு. மீன் ஏலம் எல்லாம் முடிந்து, தரையில் ஐஸ் உருகி ஓடிக்கொண்டிருந்தது. என்-4 பீச்சில் கொஞ்சம் மணல் இருக்கிறது. போலீஸ் ஸ்டேஷன் நம்பரே இடத்துக்குப் பெயராகிப்போன கரை அது. படகு, வலை, கயிறு, போட்டோ எடுக்க வந்த பிள்ளைகள் எல்லாரும் இருந்தார்கள். கொடி ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு அண்ணனிடம் கேட்டேன். ஊசியை நிறுத்தாமலே, "அடப்பங்கொடியா? இங்க ஏதும்மா. எண்ணூர் பக்கம் போனா கெடைக்கும்" என்றார். எதற்கு என்று கேட்கவில்லை. ஏதோ மருந்துக்கு என்று நினைத்திருப்பார்.

சாயங்காலம் பெரியம்மா மகனின் பைக்கில் மணலி பக்கம் ஒரு வேலையாகப் போனேன். பக்கிங்காம் கால்வாய் ஓரம் பார்த்தால் ஆளுயரத்துக்கு ரோஸ் பூ! "நிறுத்துடா, நிறுத்துடா" என்று கத்தி, இறங்கி ஓடி, இருபது போட்டோ எடுத்துவிட்டேன். தம்பி ஹெல்மெட்டைக் கூடக் கழற்றவில்லை. "அக்கா, கொடின்னு சொன்ன, இது நிக்குதே" என்றான். பார்த்தால் நெய்வேலிக் காட்டாமணக்கு. பூ ஏறக்குறைய அச்சு அசல். இரண்டும் ஐப்போமியா என்ற ஒரே பேரினம்தான், அதனால் ஜாடை இருக்கிறது. ஆனால் காட்டாமணக்கு அமெரிக்காவிலிருந்து வந்து நம் ஏரி, கால்வாய் கரையெல்லாம் அடைத்துக்கொண்ட செடி. சர்க்கரைவள்ளிக்கிழங்கும் வள்ளைக்கீரையும்கூட இதே கூட்டம்தான். ஒரே குடும்பத்தில் ஒருவன் சோறு போடுகிறான், ஒருவன் இடத்தை வளைத்துப்போடுகிறான்.

முதல் நாள் கணக்கு: பூச்சியம்.

இரண்டாம் நாள், ஞாயிறு

இன்று செருப்பு ஒன்று போனது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

காலையில் வடிவுடையம்மனைப் பார்த்துவிட்டு, அப்படியே பட்டினத்தார் சமாதிக்கு நடந்தேன். பேய்க்கரும்பு இனித்த இடம் என்பார்கள். கரையில் விளையாடிக்கொண்டிருந்த பையன்களோடு அவரும் விளையாடினார், தன்னை மூடச் சொன்னார், திறந்து பார்த்தபோது லிங்கமாக இருந்தார் என்பது கதை. கூடையால் மூடினார்கள் என்று சிலர், மணலில் புதைத்தார்கள் என்று சிலர். எனக்கு மணல் கதைதான் பிடிக்கும். வாசலில் நின்று கிழக்கே பார்த்தால் சாலை, கன்டெய்னர் லாரி வரிசை, அதற்கு அப்பால் பாறாங்கல். இன்றைக்கு ஒரு சாமியார் அந்தப் பையன்களோடு விளையாட வந்தால் எதற்குள் ஒளிவார் என்று ஒரு நினைப்பு வந்தது.

இந்தக் கல் ஏன் வந்தது என்பதற்கு நூற்றைம்பது வருடக் கதை இருக்கிறது. நம் கடற்கரையில் மணல் ஒரே இடத்தில் கிடப்பதில்லை. வருடத்தில் பெரும்பகுதி நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. மீனவர்கள் அதைத் தெண்டி என்பார்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கொஞ்ச நாள் வடக்கிலிருந்து தெற்கே திரும்பும்; அது வன்னி. கூட்டிக் கழித்துப் பார்த்தால் மணல் வடக்கு நோக்கித்தான் நடக்கிறது. 1875-இல் வேல்ஸ் இளவரசராக இருந்த எட்வர்டை வைத்துச் சென்னைத் துறைமுகத்துக்குக் கல் நாட்டினார்கள். கடலுக்குள் இரண்டு கற்சுவர் நீண்டது. 1881 புயலில் உடைந்தது, திரும்பவும் கட்டினார்கள். வடக்கே நடந்துகொண்டிருந்த மணல் அந்தச் சுவரில் முட்டி நின்றது. தெற்கே மெரினா அகலமாகிக்கொண்டே போனது. வடக்கே ராயபுரத்திலிருந்து கடல் கரையைத் தின்ன ஆரம்பித்தது. மெரினாவில் சுண்டல் சாப்பிடுகிற இடத்துக்கும் வடசென்னையில் வீடு போன இடத்துக்கும் கணக்கு ஒன்றுதான். அந்தப் பக்கம் வரவு, இந்தப் பக்கம் செலவு.

கடல் தின்னத் தின்னக் கல் கொட்டினார்கள். அப்புறம் தூண்டில் வளைவு போட்டார்கள். கடலுக்குள் குறுக்கே நீளும் கல் கை அது. இரண்டு வளைவுக்கு நடுவில் கொஞ்சம் மணல் தங்கும் என்பது திட்டம்.

அடப்பங்கொடிக்குப் பாறாங்கல்லில் வேலை இல்லை. அதற்கு வேண்டியது அலை எட்டாத, ஆனால் அலையின் உப்புச்சாரல் எட்டுகிற, காற்று அள்ளி அள்ளிப் போடுகிற மணல். அந்தச் சின்னப் பட்டையில்தான் மற்ற செடிகள் நிற்க முடியாது, இது நிற்கும். பட்டை போனால் இதுவும் போச்சு. ஆகவே நான் கொடியைத் தேடுவதை விட்டுவிட்டு மணலைத் தேட ஆரம்பித்தேன். ஒரு தூண்டில் வளைவு தாண்டி இன்னொன்று, அதையும் தாண்டி இன்னொன்று. மூன்றாவதில் கல்லிடுக்கில் கால் போனது, கணுக்கால் மடங்கியது, இடது செருப்பு உள்ளே விழுந்தது. கீழே தண்ணீர் சளக் சளக் என்று அதை மென்றுகொண்டிருந்தது. எடுக்க முடியவில்லை.

நொண்டிக்கொண்டே இறங்கிய அந்த மணலில்தான் இருந்தது. உடைந்த ஃபைபர் படகு ஒன்றின் நிழலில், ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு, தடித்த பச்சை இலை. அப்போது மணி ஒன்று. பூவெல்லாம் சுருங்கி, நனைந்த டிஷ்யூ பேப்பர் மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. காலையில் விரிந்து மதியத்தோடு வாடுகிற பூவைப் பார்க்க மதியம் ஒரு மணிக்குப் போன ஆள் நானாகத்தான் இருப்பேன்.

மூன்றாம் நாள், திங்கள்

கணுக்கால் வீக்கம். பெரியம்மா மஞ்சளும் உப்பும் குழைத்துப் பற்றுப் போட்டுவிட்டு, "கல்லு மேல ஏறி என்ன கொடி, வீட்டு மாடியில மணி பிளான்ட் இருக்கு, அதப் பாரு" என்றார். காலடிப்பேட்டை வீட்டுத் திண்ணையிலேயே இன்றைய பொழுது.

காலடிப்பேட்டை என்றதும் ஏதோ சாமியின் காலடி பட்ட இடம் என்று நினைப்போம். 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராக இருந்த ஜோசப் காலட் நெசவாளர்களைக் குடியேற்றிய இடம், காலட்பேட்டை. நாக்கு அதைக் காலடியாக்கிவிட்டது. நாம் தேடும் கொடிக்கும் கால்தான் பெயர் வாங்கிக் கொடுத்தது. இலை நடுவில் பிளந்து குளம்பு மாதிரி இருக்கும். சங்கக் கவிஞர் மானின் அடி என்றார். குறுந்தொகைப் பாட்டு ஒன்றில் பெண்பிள்ளைகள் இந்தப் பூவைக் கொய்து மணலில் சிற்றில் கட்டி விளையாடுகிறார்கள். லின்னேயஸ் 1753-இல் பெயர் வைத்தபோது அவருக்கு ஆட்டுக்கால் தோன்றியிருக்கிறது. பெஸ்-காப்ரே என்றால் லத்தீனில் ஆட்டுக்கால். 1818-இல் ராபர்ட் பிரவுன் பேரினத்தை மாற்றி ஐப்போமியாவில் சேர்த்தார், ஆட்டுக்காலை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டார். நம் பக்கத்தில் ஆட்டுக்கால் கொடி என்றும் சொல்வதுண்டு. பார்க்கிறவன் வீட்டில் என்ன கால் இருக்கிறதோ அது.

அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று மேடையில் பேசுகிறவர்கள் எத்தனை பேர் இந்தக் கொடியைத் தொட்டுப் பார்த்திருப்பார்கள் தெரியவில்லை. நேற்று தொட்டுப் பார்த்தேன். தனிக்கொடியே லேசில் அறுகிற ரகமில்லை. அறுத்தால் பால் வடியும்.

ஸ்கிப்பிங் விஷயத்தைப் பெரியம்மாவிடம் பஞ்சாயத்துக்கு வைத்தேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே, "உனக்கும் அவளுக்கும் ஆறு வயசு வித்தியாசம். நீ பாவாட கட்டினப்ப மணல் இருந்துச்சு. அவ பாவாட கட்டினப்ப ரெண்டு தெருவக் கடல் எடுத்துட்டுப் போயிடுச்சு, கல்லக் கொட்டிட்டாங்க. ரெண்டு பேரும் நெசந்தான் சொல்றீங்க" என்றார். தங்கைக்கு உடனே போன் போட்டேன். "நான் சொன்னேன்ல" என்றாள். நானும் அதையேதான் சொன்னேன்.

நான்காம் நாள், செவ்வாய்

விடிவதற்கு முன்பே தம்பி எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் இறக்கிவிட்டுப் போனான். புதுச் செருப்பு. ஆறேகால் மணி, கிழக்கே வெளுக்க ஆரம்பித்திருந்தது. ஃபைபர் படகுகள் இரண்டு கரையேறிக்கொண்டிருந்தன. மணலில் கால் வைத்ததுமே தெரிந்துவிட்டது, இதுதான் இடம். முழங்கால் உயரத்துக்கு வரிசையாக மேடுகள், ஒவ்வொரு மேட்டின் மேலும் பச்சைப் போர்வை.

மொட்டு சுருட்டி வைத்த குடை மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தது. ஒன்றின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அவிழ்வது கண்ணுக்குத் தெரியவில்லை. தலையைத் திருப்பிப் படகைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் ஒரு முறுக்குக் குறைந்திருக்கும். சூரியன் தண்ணீரை விட்டு மேலே வந்தபோது அது என் உள்ளங்கை அகலத்தில் பாதிக்கு விரிந்திருந்தது. உள்ளே ஐந்து கோடு நட்சத்திரம் மாதிரி பிரிகிறது, தொண்டைக்குள் நிறம் அடர்ந்து கத்தரிப்பூ ஊதாவாகிறது. சங்கக் கவிஞர் இதைக் குதிரைக் கழுத்து மாலையின் மணி என்றதற்குப் பூவைப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். ஏழு மணி வாக்கில் ஒரு கருவண்டு வந்தது. பறப்பது கொஞ்சம், மிச்சமெல்லாம் இஞ்சின் சத்தம். பூவுக்குள் தலையைக் கொடுத்து, பின்பாதி மட்டும் வெளியே ஆடியது. வெளியே வந்தபோது முதுகில் வெள்ளையாக மகரந்தம். அடுத்த பூ, அதற்கடுத்த பூ. கடற்கரையில் தேன் வைத்திருக்கிற கடை வேறு அதிகம் இல்லை; வருடம் முழுக்கத் திறந்திருக்கிற கடை இது.

எறும்புக்குப் பூ வேண்டாம். பூதக்கண்ணாடியை இலைக்காம்பு இலையில் சேருகிற இடத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு சின்னப் புள்ளி. அங்கேயும் தேன் கசிகிறது. எறும்பு அதை நக்கிக்கொண்டே இலை மேல் ரோந்து சுற்றுகிறது. இலை தின்ன வருகிற பூச்சி இதன் பல்லில் மாட்டும். சம்பளம் கொடுத்து வாட்ச்மேன் வைத்த மாதிரி. வாட்ச்மேன் இருந்தும் திருட்டு நடக்கத்தான் செய்கிறது. சில இலைகளில் வட்ட வட்டமாக ஓட்டை. கவிழ்த்துப் பார்த்தால் ஆமை வண்டு, ஓரமெல்லாம் கண்ணாடி மாதிரி, நடுவில் தங்கச் சாயல். தொட்டதும் இலையோடு இலையாகக் கப்பென்று ஒட்டிக்கொண்டது. எறும்பு அதைச் சுற்றிச் சுற்றி வந்து, கடிக்க ஒரு கால் நுனிகூடக் கிடைக்காமல் போய்விட்டது.

வெயில் ஏற ஏற இலைகள் நடு நரம்பில் மடிந்து புத்தகம் மூடுவது மாதிரி நிமிர்ந்தன. வெயில் நேராக விழாமல் இருக்க இந்த ஏற்பாடு. இலை தடிமன், உள்ளே தண்ணீர்.

ஒரே கொடியைப் பிடித்துக்கொண்டு அதன் தலை வரைக்கும் நடந்தேன். 23 தப்படி. கணுவுக்குக் கணு வேர். ஓர் இடத்தில் கொடி மணலுக்குள் போய் மறைந்து மூன்று அடி தள்ளி வெளியே வந்தது. காற்று மணலைப் போட்டு மூடியிருக்கிறது, இது மேலே ஏறி வந்திருக்கிறது. மறுபடி மூடும், மறுபடி ஏறும். மேடு இப்படித்தான் வளர்கிறது. காற்று மணலைச் சுமந்து வரும்போது இலையில் மோதி வேகம் குறைந்து சுமையை அங்கேயே போட்டுவிடுகிறது. விழுந்த மணலை வேர் பிடித்துக்கொள்கிறது. புயல் நாளில் கடல் ஏறி வந்தால் முதலில் கரைவது இந்த மேடு. அலை அதைக் கரைத்து இழுத்துப்போகும், அமைதியான மாதங்களில் கடலே திருப்பிக் கொண்டுவந்து போடும், கொடி மறுபடி பிடித்துக்கொள்ளும். நேற்று முன்தினம் பார்த்த பாறாங்கல் அடியை வாங்கும், திருப்பி எதையும் வளர்க்காது. அதன் முனையில் அலை சுழன்று பக்கத்துக் குப்பத்தின் கரையைக் குடையும். அதற்கு அங்கே இன்னொரு லோடு கல்.

மேட்டின் பின்பக்கம், கடல் பார்க்காத சரிவில், ராவணன் மீசைப் புல் குத்திக்கொண்டு நின்றது. இரண்டும் சேர்ந்துதான் இந்த வேலையைச் செய்கின்றன. இவை உட்கார்ந்து மணலை நிறுத்தி, உதிர்ந்த இலையில் கொஞ்சம் மண் சேர்ந்த பிறகுதான் பின்னால் மற்றப் புதர்கள் வரும். அந்தக் காலத்தில் அப்படி வந்து நின்றது தாழை. பக்கத்துக் குப்பத்தின் பெயர் தாழங்குப்பம். அங்கே ஒரு சுற்றுச் சுற்றினேன், ஒரு தாழையும் கண்ணில் படவில்லை.

மீன் காய வைத்துக்கொண்டிருந்த ஓர் ஆயா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பொறுக்கமாட்டாமல் கேட்டார்.

"இன்னா கண்ணு, காத்தாலேர்ந்து கொடியப் போயி கண்ணாடி வெச்சுப் பாக்குற?"

"பூ எப்படி விரியுதுன்னு பாக்குறேன் ஆயா."

"அது தெனம் விரியுது. நாங்க அத எங்க பாக்குறோம்." சிரித்துவிட்டு, தானே தொடர்ந்தார். "சொறி பட்டுச்சுன்னா இத்தத்தான் கசக்கி வெப்போம். வலையில சொறி மாட்டும் பாரு, கையெல்லாம் எரியும். இந்த எலையக் கல்லுல தட்டி சாறு புழிஞ்சா அடங்கும்."

சொறி என்று ஆயா சொன்னது ஜெல்லிமீனை. அவர் வைத்தியம் மற்ற நாட்டுக் கடற்கரைகளிலும் உண்டு. கொடியின் சாறு சொறியின் நஞ்சை மட்டுப்படுத்துகிறது என்று 1991-இல் ஆய்வுக் கட்டுரையும் வந்தது. அதற்காகச் சொறி பட்டால் மருத்துவரிடம் போகாமல் கொடி தேடி அலைய வேண்டாம், மூச்சு முட்டினால் விளையாட்டில்லை.

படகு தினமும் இந்தக் கொடி மேல்தான் ஏறி இறங்குகிறது, வலை இதன் மேல்தான் காய்கிறது. அதெல்லாம் ஒன்றும் செய்வதில்லை என்கிறார் ஆயா. "மெதிச்சா சாவாது. ஒரு தபா கரைய சுத்தம் பண்றோம்னு ஜேசிபி வந்துச்சு. கொடிய குப்பன்னு சொல்லி வழிச்சு வாரிட்டான். அந்த வருசம் ஊட்டுக்குள்ளாற மணலு. சோத்துல மணலு, பாயில மணலு. பொறவு அதுவாத்தான் வந்துச்சு." 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியதே, அந்தச் சமயம் எப்படி இருந்தது என்று கேட்டேன். "அதுவா, பக்கெட்டுல வாரினாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மீனைத் திருப்பிப் போடப் போய்விட்டார். அந்தப் பேச்சு அவருக்குப் பிடிக்கவில்லை. நானும் விட்டுவிட்டேன்.

கிளம்பும்போது அரைக்கிலோ காய்ந்த காரப்பொடி மீன் கொடுத்தார். காசு வாங்க மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். நான் வைத்துவிட்டு வந்தேன்.

ஐந்தாம் நாள், புதன்

கடைசி நாள், முகத்துவாரம். கொசஸ்தலை ஆறு கடலில் சேருகிற இடம். அக்கரையில் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், துறைமுகத்தின் விளக்குகள். ஆற்றுக்குள் இடுப்பளவுத் தண்ணீரில் ஒருவர் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையால் சேற்றைத் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படிந்த ஆறு இது.

கடல் பக்கம் வந்தால் மணலில் டிராக்டர் ஓடின மாதிரி ஒரு தடம். பங்குனி ஆமை. தை, மாசியிலேயே முட்டை போட வந்துவிடும், பெயர் மட்டும் பங்குனி. தடம் நேராக ஏறி, அடப்பங்கொடி தொடங்குகிற விளிம்புக்கு நான்கைந்து அடி முன்னால் நின்று, சுற்றி, திரும்பியிருந்தது. குழியில் முட்டை இல்லை. இரவே வந்த தன்னார்வப் பிள்ளைகள் எடுத்துப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஒருத்தி மட்டும் குச்சி நட்டு எழுதிக்கொண்டிருந்தாள், கல்லூரி மாணவி. நூற்றுக்கு மேல் இருந்ததாம். பொரிய 45 நாளிலிருந்து 60 நாள் வரை ஆகும்.

"கொடி இருந்தா ஆமைக்கு நல்லதுதானே?" என்று கேட்டேன். பாராட்டை எதிர்பார்த்துக் கேட்ட கேள்வி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"பாதி நல்லதுக்கா" என்றாள். கொடி இருப்பதால்தான் கரை மேடாக, அலை எட்டாமல் இருக்கிறது, கூடு முழுகாது. பின்பக்கம் மேடும் கொடியும் இருட்டாக இருந்தால் குஞ்சு வெளிச்சமான கடல் பக்கம் போகும். ஆனால் கொடிக்குள்ளேயே கூடு அமைந்துவிட்டால் வேர் முட்டைக்குள் இறங்கிவிடும், வெளியே வருகிற குஞ்சு கொடியில் சிக்கிக்கொள்ளும். அதனால் விளிம்புதான் சரியான இடம். "இந்த ஆமை கரெக்டா போட்டிருக்கு பாருங்க." துறைமுக விளக்கைக் காட்டி, "அது இருக்கிறப்ப எது கடல்னு குஞ்சுக்கு எங்க தெரியும்" என்று சொல்லிவிட்டு மறுபடி எழுத ஆரம்பித்தாள். 2025 ஜனவரியில் சென்னைக் கரையெங்கும் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கியபோது இவள் பிளஸ் டூ. அதைப் பார்த்துத்தான் இதில் சேர்ந்தாளாம்.

கொஞ்சம் தள்ளி ஒரு சவுக்குத் தோப்பு. 2004 சுனாமிக்குப் பிறகு அலையைத் தடுக்கும் என்று தமிழ்நாட்டுக் கரையெங்கும் மணல் மேட்டின் மேல் சவுக்கு நட்டார்கள். சவுக்கும் வந்தேறிதான், 1868-இல் கார்வாரில் கொண்டுவந்து வைத்தது. தோப்புக்குள் போய்ப் பார்த்தேன். தரையெல்லாம் ஊசி ஊசியாகச் சருகு, நடந்தால் மெத்தை. ஒரு பச்சைத் தளிர் இல்லை. தோப்பு ஓரம் வரை வந்த அடப்பங்கொடி நிழல் தொடங்குகிற இடத்தில் அப்படியே திரும்பிக் கடலைப் பார்த்துப் போகிறது. விறகுக்குச் சவுக்கு வேண்டும், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை இதன் தலைமேல்தான் நட வேண்டுமா? 2011 கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை மணல் மேட்டையும் ஆமை முட்டையிடும் இடத்தையும் மிகக் கடுமையான பாதுகாப்பு உள்ள முதல் வகையில் வைத்திருக்கிறது, 2019 அறிவிக்கையிலும் அது அப்படியே இருக்கிறது. மணல் மேடு என்றால் என்ன என்று பார்த்த உடனே சொல்லத் தெரிந்தவர்கள் ஆபீசில் எத்தனை பேர் என்பதுதான் எனக்குச் சந்தேகம். பூ பூத்திருந்தால் மேடு, இல்லாவிட்டால் காலி மனை என்று நினைத்துவிடுகிறார்கள்.

திரும்பும் வழியில் காய்ந்த காய்கள் சில பொறுக்கினேன். சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் பெரிசு, பழுப்பு. விரலால் அழுத்தினால் உடைகிறது. உள்ளே நான்கு விதை, ஒவ்வொன்றும் கறுப்புக்கும் பழுப்புக்கும் நடுவில், மேலே வெல்வெட் முடி. பூனைக்குட்டியின் காதைத் தடவுகிற மாதிரி இருந்தது. இந்த விதை கடலில் மாதக்கணக்கில் மிதக்கும். தோல் அவ்வளவு கெட்டி. உப்புத்தண்ணீர் உள்ளே போகாது, கரையில் மணலில் உருண்டு உரசித் தேய்ந்த பிறகுதான் முளைக்கும். வெப்பமண்டலக் கடற்கரை எங்கே இருந்தாலும், அது பிரேசிலோ பிஜியோ, அங்கே இந்தக் கொடி இருப்பதற்குக் காரணம் இதுதான். துறைமுகச் சுவர் மணலை நிறுத்தியது, இதை நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் பார்த்த அந்தப் பாய் அளவுக் கொடி, உடைந்த படகின் நிழலில் இருந்தது, எங்கிருந்து வந்திருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன். தெற்கே எங்கோ ஒரு மேட்டிலிருந்து தெண்டியோடு புறப்பட்டு, சுவரைச் சுற்றிக்கொண்டு வந்து, இரண்டு கல்லுக்கு நடுவில் கொஞ்சம் மணல் கண்டு இறங்கியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்து, கைப்பிடி கல்லுப்பு போட்டுக் கரைத்து, நான்கு விதையையும் போட்டேன். நான்கும் மிதந்தன. அடுப்படித் திண்டில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் பெரியம்மா சொம்பைக் கையில் எடுத்துக்கொண்டு கழுவுதொட்டிப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறார்.

"ஐயோ பெரியம்மா, கொட்டாத!"

"உப்புத் தண்ணி, மேல ஏதோ எலிப்புழுக்கை மாதிரி மிதக்குது. எத்தன நாளைக்கு வெச்சிருக்கப் போற?"

"அதான் பாக்கணும்" என்றேன்.

சொம்பை அவரிடமே விட்டுவிட்டு வருகிறேன். தினம் காலையில் எத்தனை மிதக்கிறது என்று போனில் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார், ஒரு நிபந்தனையோடு: அவருக்குச் சாம்பார் ஊற்ற வேறு சொம்பு வாங்கித் தர வேண்டும்.